அரையும் காலும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக வைத்துப் பேசுவது நம் முன்னோர் வழக்கு. அவ்விரண்டனுள் ஒன்று எனக்குப் பதினைந்தாம் வயதுவரை பார்வையின்றியே கிடந்தது. தமிழிலக்கியத்தைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் யான் கல்லூரி மலரில் கணக்கைப் பற்றி எழுத முன்வந்தமை கண்டு என் வகுப்புத் தோழர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். இதனை எழுதுதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தமிழ்ப் படிப்பை எடுத்தவரெல்லாம் கணக்கிற்கு அஞ்சி ஓடி வந்தவர் என்று ஒரு பேச்சு நம் விடுதியில் உலவுகின்றது. அதற்கு விடை கூறல் வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று, யான் ஒருகாற் செய்த பிழையை மறையாது சொல்லிவிடல் வேண்டும் என்பது. முதற்காரணம் வேடிக்கைக்காகச் சொன்னது. இரண்டாவதே உண்மைக் காரணம்.

என் ஊர் தென்காசி. காசி விசுவநாதர் கோயிற் கோபுரம் எத்தெருவில் நின்று நோக்கினும் தலைக்குமேல் தோன்றும். மேற்கே குற்றாலமலை. அம்மலையிற் பிறந்த சிற்றாறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே செல்லும். என் தந்தையார் குற்றாலத்திற் பேரருவிக்குப் போகும் வழியில் ஒரு சிறு கடை வைத்திருக்கின்றார். சாரற் காலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பார். ஏனை நாட்களில் நேந்திரங்காய் வறுவலும் வாழைப்பழமும் விற்பார். கார்த்திகை, மார்கழித் திங்களில் சபரிமலைக்குச் செல்லும் அன்பர் கூட்டத்தால் வணிகம் நடக்கும். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் விடுமுறை நாளென்றால் யானும் கடையில் நிற்பேன். கால் கிலோ, அரைக் கிலோ, ஒன்றேகால் கிலோ என்று எவர் எப்படிக் கேட்டாலும் விலை சொல்லிச் சில்லறை கொடுக்கத் தடுமாறியதில்லை. "பையன் கணக்கிற் புலி" என்று அடுத்த கடை அண்ணாச்சி சொல்லுவார். அச்சொல்லை யானும் நம்பினேன்.

2020 மார்ச்சு மாதத்தில் நோய்த்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது யான் எட்டாம் வகுப்பு மாணவன். அவ்வாண்டுத் தேர்வு நடைபெறவில்லை. எல்லோரும் தேர்ச்சி பெற்றதாக அறிவித்தனர். ஒன்பதாம் வகுப்பு முழுதும் கல்வித் தொலைக்காட்சியிலும் தந்தையாரின் கைப்பேசியிலுமாகக் கழிந்தது. 2021 பிப்ரவரியில் சில நாள் பள்ளி திறந்தது, மீண்டும் மூடிற்று. அவ்வாண்டும் தேர்வில்லை, அவ்வாண்டும் தேர்ச்சி. இரண்டு முறை தேர்வின்றி வகுப்பேறிய யாங்கள் அதனைப் பெரும்பேறாகக் கருதி மகிழ்ந்தோம். ஆசிரியர் கைப்பேசி வழியே அனுப்பும் கணக்குகளுக்குத் தோழன் ஒருவன் விடை எழுதுவான். ஏனையோர் அதனைப் பார்த்தெழுதிப் படமெடுத்து அனுப்புவோம். அக்காலத்தில் என் குறிப்பேட்டில் ஒரு விடையேனும் தவறாய் இருந்ததில்லை. அதில் என்னுடையது என்று சொல்லத்தக்க விடையும் ஒன்றில்லை.

குற்றால அருவிகளும் அந்நாளில் மக்களுக்கு மூடப்பட்டன. 2021 டிசம்பரில் மீண்டும் திறக்கும்வரை தந்தையார் கடை பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. அவர் தள்ளுவண்டியில் காய்கறி வைத்துத் தென்காசித் தெருக்களில் விற்றார். வீட்டிற் பணத்தைப் பற்றிய பேச்சுக் குறைந்தது. பேசினால் துன்பமென்று எல்லோரும் அறிந்திருந்தமையே அதற்குக் காரணம். அந்நிலையில் தந்தையார்க்கு இருந்த ஒரே ஆறுதல் மகன் நன்றாய்ப் படிக்கின்றான் என்பது. அதனை அவர் பலரிடமும் சொல்லுவார். யான் அருகில் நின்று கேட்பேன்.

2021 செப்டம்பரிற் பள்ளி திறந்தது. யான் பத்தாம் வகுப்பில் அமர்ந்தேன். கணக்காசிரியர் கரும்பலகையில் எழுதுவன எனக்கு வேற்று மொழியாய்த் தோன்றின. அவர் கற்பித்த புதுப்பாடம் எனக்கு விளங்காமை அன்று குறை. அதற்கு அடியில் இருக்கவேண்டிய பழம்பாடம் என்னிடம் இல்லாமையே குறை. ஒரு வரியிலிருந்து மறுவரிக்கு அவர் செல்லும்போது இடையில் ஒரு பின்னத்தைக் கூட்டுவார். ஒரு குறியை மாற்றுவார். 'இஃது உங்களுக்குத் தெரிந்ததுதானே' என்பார். வகுப்பெல்லாம் தலையசைக்கும். யானும் அசைப்பேன். பலர் என்னைப் போலவே அசைத்தனர் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன்.

2022 பிப்ரவரியில் முதல் திருப்புதல் தேர்வு வந்தது. தமிழில் எனக்கு எண்பதுக்குமேல் மதிப்பெண். கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று. விடைத்தாளிற் பெற்றோர் கையொப்பம் பெற்று வருமாறு ஆசிரியர் பணித்தார். அத்தாளை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாட் காலை, சிற்றாற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் தாளை வைத்து, தந்தையாரின் கையொப்பத்தை யானே இட்டேன். தந்தையார் மெதுவாக, எழுத்தெழுத்தாகக் கையொப்பமிடுபவர். ஆதலின் அதனைப் போல எழுதுவது எளிதாயிருந்தது. அவ்வெளிமை இன்றும் என்னைச் சுடுகின்றது.

நிற்க. பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்திற் பிள்ளைகள் இழந்த கல்வியை ஈடுசெய்யும் பொருட்டு, நம் மாநில அரசு 2021 அக்டோபர் 27-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று என்பதைப் பலரும் அறிவர். முதலிற் சில மாவட்டங்களிலும் பின்னர் எங்குமாக அது பரவியது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, அவரவர் குடியிருப்பிலேயே, மாலை வேளையில் ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர் ஒருவர் அந்நாளிற் பாடஞ் சொல்லி வந்தார். தன்னார்வலர்க்கு அந்நாளில் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை வழங்கப்பட்டது. எங்கள் தெருவில் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்த அக்கா ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அவ்வகுப்பை நடத்தினார். ஐந்தாம் வகுப்புப் பயின்ற என் தங்கை அங்கே போவாள். இருட்டும் நேரமாதலின் அவளை அழைத்து வருவது என் கடமை.

ஒருநாள் சற்று முன்னதாகவே சென்றுவிட்டேன். திண்ணையின் ஓரத்தில் நின்றிருந்தேன். அக்கா பலகையில் ஓர் அரையையும் ஒரு காலையும் எழுதி, கூட்டச் சொன்னார். யான் மனத்துக்குள் கூட்டினேன். மேலே உள்ளவற்றைக் கூட்டின் இரண்டு. கீழே உள்ளவற்றைக் கூட்டின் ஆறு. ஆறில் இரண்டு, அஃதாவது மூன்றில் ஒன்று. விடை வந்துவிட்டதென்று நிமிர்ந்தேன். அப்பொழுது என் தங்கை எழுந்து, "முக்கால்" என்றாள். பிள்ளைகள் எல்லோரும் "முக்கால்" என்றனர்.

என் உடம்பு வியர்த்தது. அரைக் கிலோவும் கால் கிலோவும் சேர்ந்தால் முக்காற் கிலோ என்பதைக் கடையில் ஆயிரம் முறை சொன்னவன் யான். அதே அரையும் காலும் ஒரு கோட்டின் மேலும் கீழுமாக எண்ணுருவில் நின்றவுடன் அவை எனக்கு யாரோவாகிவிட்டன. அரையோடு ஒன்றைக் கூட்டி அரையினும் குறைந்த விடையைப் பெற்று, அது தவறென்றும் தோன்றாமல் நின்றேன். பத்தாம் வகுப்பு என்னும் மாடியில் யான் ஏறி நிற்பதாக எல்லோரும் எண்ணியிருக்க, எனக்குக் கீழே ஐந்தாம் வகுப்பு என்னும் தளமே இல்லை என்பது அன்று தெரிந்தது.

மறுநாளும் முன்னதாகவே சென்றேன். அதற்கு மறுநாளும் சென்றேன். தங்கையை அழைத்துப் போகவே வந்தவன்போலத் தூணிற் சாய்ந்து நிற்பேன். கண் பலகையின்மேல் இருக்கும். நாலைந்து நாளில் அக்கா கண்டுகொண்டார். பிள்ளைகள் சென்றபின், "தம்பி, நீ எத்தனையாம் வகுப்பு?" என்று கேட்டார்.

"பத்து, அக்கா."

"இது உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. என் பொய் அவள் முன்னிலையில் வெளிவர மறுத்தது. "தெரியாது, அக்கா" என்றேன். இரண்டாண்டுக் காலத்தில் யான் கணக்கைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அதுவே.

அவர் நகைக்கவில்லை. "பத்தாம் வகுப்புக் கணக்கு எனக்கும் மறந்து போயிற்று. ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான் தெரியும். உனக்கு வேண்டியதும் அதுவே. நாளை முதல் திண்ணையில் ஏறி உட்கார்" என்றார்.

அன்றிரவு வீட்டில் ஆச்சியிடம் அரையும் காலும் பற்றிக் கேட்டேன். ஆச்சி பள்ளி சென்றவரல்லர். ஆனால் அடுக்களையில் அவரிடம் பழைய படிகள் இருந்தன. நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று ஒன்றனுள் ஒன்று அடங்கும் அவற்றை இக்கால மாணவர் பலர் கண்டிரார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. "ஓர் உரி அரிசியும் ஓர் உழக்கு அரிசியும் சேர்ந்தால் எவ்வளவு, ஆச்சி?" என்றேன்.

"உரிக்கு நாலு ஆழாக்கு. உழக்குக்கு ரெண்டு. ஆறு ஆழாக்கு. முக்கால் நாழி."

"ஏன் ஆழாக்காக்கினீர்கள்?"

"வேறு வேறு படியால் அளந்ததை ஒரே படியாக்காமல் எப்படியப்பா கூட்டுவது?" என்று என்னை வியப்போடு பார்த்தார்.

அப்பொழுது என் மனத்தில் ஒரு கதவு திறந்தாற்போல் இருந்தது. பின்னத்தின் கீழ் நிற்கும் எண் படியின் அளவு. மேல் நிற்கும் எண் எத்தனை படி என்பது. எட்டில் நான்கும் எட்டில் இரண்டும் எட்டில் ஆறு. வேறு பகுதிகளைக் கூட்ட ஒரே பகுதியாக்குக என்று நூலில் இருந்த விதி, ஆச்சி நாள்தோறும் அடுக்களையிற் செய்யும் செயலேயன்றிப் பிறிதன்று. மறுநாள் அக்காவிடம் இதனைச் சொன்னேன். அவர் மகிழ்ந்து, "சரி, அரையையும் மூன்றில் ஒன்றையும் ஆச்சியின் படியால் கூட்டு" என்றார். முயன்றேன், மூன்றில் ஒன்று எந்தப் படியிலும் அடங்கவில்லை. நெடுநேரம் கழித்து, ஆழாக்கு இதற்கு உதவாதென்றும், நாழியில் ஆறில் ஒரு பங்கு கொள்ளும் புதுக்கிண்ணம் ஒன்று வேண்டுமென்றும் தோன்றிற்று. அரைக்கு அக்கிண்ணம் மூன்று. மூன்றில் ஒன்றுக்கு இரண்டு. ஆகவே ஆறில் ஐந்து. "அந்தக் கிண்ணத்துக்குத்தான் மீச்சிறு பொது மடங்கு என்று பெயர்" என்றார் அக்கா. எட்டாண்டுகளாக மனப்பாடமாய் இருந்த அத்தொடரின் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

தேர்வுக்கு மூன்று மாதமே இருந்தது. அந்நிலையில் ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்குவது அறிவுடைமையா என்ற ஐயம் எழாமலில்லை. பள்ளியில் தோழர் வேறு வழி சொன்னார்கள். வினாத்தாளின் அமைப்பு எல்லோரும் அறிந்தது: ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண்ணுக்கு 10, ஐந்து மதிப்பெண்ணுக்கு 10, எட்டு மதிப்பெண்ணுக்கு 2. அவ்வாண்டு பாடப்பகுதியும் குறைக்கப்பட்டிருந்தது. எட்டு மதிப்பெண் வினாக்களான வரைபடத்தையும் வடிவியல் வரைதலையும் கைப்பழக்கத்தாற் செய்து, ஒரு மதிப்பெண் விடைகளை உருப்போட்டு, சில கணக்குகளை எழுத்து மாறாமல் மனப்பாடஞ் செய்தால் முப்பத்தைந்து வந்துவிடும், தேர்ச்சி கிடைக்கும். வழி தவறன்று, பலர் அவ்வழியாலேயே கரையேறினர். ஆனால் யான் இரண்டாண்டுகளாகப் பிறர் விடைகளையே என்னுடையவாகக் காட்டி வந்தவன். மனப்பாடத்தாற் பெறும் முப்பத்தைந்தும் அவ்வகையதே என்று மனம் உறுத்திற்று. ஆகவே காலையில் தோழர் சொன்ன வழியும், மாலையில் திண்ணை வழியும் என்று இரண்டையும் மேற்கொண்டேன். கரையேறவும் வேண்டும், நீந்தவும் கற்க வேண்டும்.

இதற்கிடையிற் கையொப்பம் என்னை விடவில்லை. அக்காவிடம் ஓர் உண்மை சொன்னபின் மற்றொரு பொய்யைச் சுமப்பது முன்னிலும் கடினமாயிற்று. பங்குனி வெயிலில் ஒரு ஞாயிறன்று, ஆலயம் விட்டதும், தந்தையாருக்குச் சோறு எடுத்துக்கொண்டு குற்றாலம் சென்றேன். பேரருவி நூல்போல் இழிந்துகொண்டிருந்தது. குளிப்பார் சிலரே. தந்தையார் தம் வரவு செலவுக் குறிப்பேட்டை மடிமேல் வைத்திருந்தார். அவர் உண்டு முடிக்கும்வரை காத்திருந்து, மதிப்பெண்ணையும் கையொப்பத்தையும் சொன்னேன்.

அவர் அடிக்கவில்லை; கடிந்து பேசவுமில்லை. நெடுநேரம் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பின்பு ஒரு பக்கத்தைக் காட்டி, "இங்கே பார், கூட்டல் தப்பு. அடித்துத் திருத்தியிருக்கிறேன். இந்தப் பக்கத்திலும் தப்பு. ரெண்டு வருஷம் கடன் ஏறின கணக்கும் இதில்தான் இருக்கிறது. ஆனால் இல்லாததை ஒரு நாளும் இதில் எழுதினதில்லை. தப்புக் கணக்கைத் திருத்தலாம், ஐயா. பொய்க் கணக்கை எதை வைத்துத் திருத்துவது?" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அத்தாளை வாங்கி, யான் இட்ட கையொப்பத்தை அடித்து, அதன் கீழே தம் கையொப்பத்தை மெதுவாக, எழுத்தெழுத்தாக இட்டார். மறுநாள் அதனைக் கணக்காசிரியரிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "எந்த வரியில் விளங்கவில்லையோ அந்த வரியில் கையைத் தூக்கு" என்று மட்டும் சொன்னார். அன்றுமுதல் தூக்கினேன். முதல் நாள் சிலர் நகைத்தனர். ஒரு வாரத்தில் வேறு சில கைகளும் எழுந்தன.

அக்குறிப்பேடு எனக்கு மற்றோர் உதவியும் செய்தது. குறை எண்ணைக் குறை எண்ணாற் பெருக்கினால் மிகை எண் வருவது ஏன் என்பது எனக்கு விளங்காத புதிர். தந்தையாரிடம் ஒருவர்க்குத் தரவேண்டிய ஐந்நூறு ரூபாய்க் கடன்கள் மூன்று இருந்தன. கடன் குறை எண். கடன் மேலும் மூன்று சேர்ந்தால் ஆயிரத்தைந்நூறு குறையும். இருந்த மூன்றையும் அவர் தள்ளிவிட்டாலோ, ஆயிரத்தைந்நூறு நமக்குக் கிடைத்ததற்கு ஒப்பாகும். குறையை நீக்குதல் மிகையாகும். இதனை வரவு செலவுப் பக்கத்திற் கண்டபின் குறிகள் எனக்கு இடர் செய்யவில்லை.

சித்திரை முழுதும் இவ்வாறு கழிந்தது. வாய்பாட்டைப் பதினாறு வரை என் தங்கையே கேட்டுத் திருத்தினாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்பு மாணவனுக்குச் சட்டாம்பிள்ளையாய் நின்ற காட்சியைத் தெரு முழுதும் கண்டது. அது நாணத்தக்கதன்று என்பதற்கு வரலாறே சான்று. ஆண்டுரூ பெல் என்னும் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் காப்பகத்தை மேற்பார்க்கத் தொடங்கினார். இந்நாட்டுத் திண்ணைப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயிலுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை வகுத்து, 1797-இல் இலண்டனில் அதுபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். 'சென்னை முறை' என்று பெயர் பெற்று அது இங்கிலாந்திலும் பரவிற்று. நம் திண்ணையிலிருந்து கடல்கடந்து சென்ற அம்முறை, இருநூறு ஆண்டு கழித்து எங்கள் தெருத் திண்ணையில் எனக்கு வந்து வாய்த்தது.

2022 மே மாதத்தில் பொதுத் தேர்வு நடந்தது. கணக்குத் தேர்வன்று ஐந்து மதிப்பெண் வினா ஒன்றில், மனப்பாடஞ் செய்திராத ஒரு கணக்கின் நடுவே வேறு வேறு பகுதியுள்ள இரண்டு பின்னங்கள் வந்து நின்றன. பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். ஆச்சியின் படிகள் கண்ணுக்குள் தோன்றின. ஒரே படியாக்கினேன், கூட்டினேன், விடை அரையினும் மிகுதியா குறைவா என்று நோக்கினேன், மேலே சென்றேன். அவ்விடை சரியோ தவறோ அறியேன். ஆனால் அது என்னுடையது.

ஜூன் 20-ஆம் நாள் முடிவு வந்தது. கணக்கில் அறுபத்தொன்று. இது கேட்டு நகைப்பார் நம் கல்லூரிக் கணக்குத் துறையிற் பலர் இருப்பர். ஆனால் பதினொன்றிலிருந்து அறுபத்தொன்றுக்கு நடந்து வந்தவனுக்கு அத்தொலைவு தெரியும். கைப்பேசியில் அவ்வெண்ணைக் கண்ட தந்தையார் தம் குறிப்பேட்டின் அன்றைய பக்கத்தில் வரவுப் பகுதியில் '61' என்று எழுதினார். பொருள் விளங்காத வரவு அக்குறிப்பேட்டில் அஃது ஒன்றே.

சாரல் தொடங்கிய நாளில் பேரருவியின் முன் நின்றபோது ஓர் எண்ணம் தோன்றிற்று. அவ்வருவி உச்சியிலிருந்து நேரே நம் தலைமேல் வீழ்வதன்று. இடையே பாறையிற் 'பொங்குமாங்கடல்' என்னும் ஆழ்ந்த பள்ளம் உண்டு. நீர் முதலில் அதனுள் வீழ்ந்து நிரம்பிப் பொங்கி, அதன்பின்னரே கீழிறங்குகின்றது. அப்பள்ளம் இல்லையேல் அந்நீரின் வேகத்தின்கீழ் எவர் நிற்றல் கூடும்? பத்தாம் வகுப்புக் கணக்கு என்னும் நீர், ஐந்தாம் வகுப்பு என்னும் பள்ளம் நிரம்பாத என் தலைமேல் நேரே வீழ்ந்தமையாலன்றோ யான் மூச்சுத் திணறினேன்!

கல்லூரிக்கு வந்தபின் இரண்டு செய்திகளைக் கற்றேன். பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத் தெருக்களிற் பண்டம் விற்ற ஐந்து சிறுவர்களை ஆராய்ந்து, 1985-இல் அறிஞர் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விற்கும்போது கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 வீதம் சரியாகச் சொன்ன அச்சிறுவர், அதே கணக்குகளை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 வீதமே சரியாகச் செய்தனராம். கடையிற் புலியாகவும் பள்ளியிற் பூனையாகவும் இருந்தவன் யான் ஒருவனே அல்லன் என்று ஆறுதலுற்றேன். கடைக் கணக்கும் பள்ளிக் கணக்கும் ஒன்றே என்று காட்ட ஓர் ஆச்சியோ ஓர் அக்காவோ வாய்க்காத பிள்ளைகள் எங்கும் உளர்.

மற்றொன்று தமிழ் தந்தது. நம் பழைய எண்சுவடியிற் கீழ்வாய் எண்களின் பெயர்களை ஒருநாள் வகுப்பிற் படித்தோம். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. மாகாணி 16-இல் ஒன்று. பெயர்களை மனப்பாடஞ் செய்துகொண்டிருந்த யான் 'மாகாணி' என்னுமிடத்தில் நின்றேன். மாவும் காணியும் சேர்ந்தன்றோ மாகாணி? குறிப்பேட்டின் ஓரத்திற் கூட்டினேன். முந்திரியைப் படியாகக் கொண்டால் மாவுக்குப் பதினாறு முந்திரி, காணிக்கு நான்கு, ஆக இருபது. 320-இல் 20 என்பது 16-இல் ஒன்று! சொல்லே கணக்காய் நின்றது. புணர்ச்சியே கூட்டலாய் நின்றது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முந்திரியே ஆச்சியின் ஆழாக்கு. அன்று வகுப்பில் என் கண் கலங்கியதைக் கண்ட பேராசிரியர், தமிழ்ச்சுவையில் ஈடுபட்டேன் என்று எண்ணியிருப்பார். அது பொய்யன்று, பாதி உண்மை. மற்றப் பாதியை இக்கட்டுரையிற் சொல்லிவிட்டேன்.

கணக்கிற்கு அஞ்சித் தமிழுக்கு வந்தேனல்லேன்; இதனை விடுதித் தோழர் அறிக. தமிழின்மேல் உள்ள காதலால் வந்தேன். கணக்கோடு பகையின்றி வந்தேன்.

என் தங்கை இப்பொழுது ஒன்பதாம் வகுப்பிற் பயில்கின்றாள். சென்ற விடுமுறையில் யான் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது ஒரு விடைத்தாளைக் கொண்டுவந்து என் மடிமேல் விரித்தாள். தமிழ் இலக்கணத் தேர்வு. மதிப்பெண் மிகக் குறைவு. அவள் அதனை மடிக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. "அண்ணா, ஆகுபெயர் எனக்கு முதலிலிருந்தே விளங்கவில்லை" என்றாள்.

யான் சொல்ல இரண்டாண்டு எடுத்துக்கொண்ட சொல்லை அவள் ஒரு நொடியிற் சொன்னாள். தள்ளியிருந்து அவளுக்கு இடம் கொடுத்தேன். முதலிலிருந்தே தொடங்கினோம்.